ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையிலே

ஒல்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களாற் பேர்பெற்றது. கண்ணாடிக் கூரையிட்ட படகுகளில் அமர்ந்து, நீரில் நிழலாடும் செங்கல் மாளிகைகளைக் கண்டு அதிசயிக்கும் பிரயாணிகள் அங்கே எண்ணற்றவர். படகுக்காரர் காட்டுவதோடு திரும்பிவிடுவோர் அந்நகரத்தில் பாதியையே பார்த்தவராவர் என்பது என் எண்ணம்.

1613ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய மூன்று பெருங்கால்வாய்கள் பழைய நகரத்தைப் பிறைபோல் வளைத்துச் செல்கின்றன. கனவான்களின் கால்வாய், சக்கரவர்த்தியின் கால்வாய், இளவரசரின் கால்வாய் என்பன அவற்றின் பெயர்கள். சேற்றில் நின்று தோண்டினவர்களின் பெயர் ஒன்றுக்குமில்லை! நிலம் சதுப்பாதலால் அக்காலத்து வீடுகளெல்லாம் மரக்கம்பங்களின் மேல் நிற்கின்றன. 1648இல் நகர மண்டபமாகக் கட்டத் தொடங்கி, 1808இல் அரண்மனையாக மாறிய கட்டடத்தின் கீழ் மட்டும் 13,659 கம்பங்கள் இறக்கப்பட்டனவாம்.

மாளிகைகளின் உச்சியில் ஒரு மரத்துலாமும் அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டுகள் மிகக் குறுகலாதலின், சாமான்களைக் கயிற்றிற் கட்டி வெளிப்புறமாகவே மேலேற்றுவர். அக்கொக்கிகளைப் பார்க்குந்தோறும், அவற்றில் ஏறிய மூட்டைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியே என் மனத்தில் எழுந்தது. 1602இல் ஸ்தாபிக்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் பழவேற்காட்டில் காலூன்றி, 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்டது. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர் நெய்த துணியைக் கொடுத்தே கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினர். துணியோடு நின்றார்களா? தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் விலைப்பட்ட மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோயினர். நான் ஏறிய படகிலே இதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆயினும், அடிமை வியாபாரத்தில் நகராட்சிக்கிருந்த பங்குக்காக 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நகரத் தலைவி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். காலந்தாழ்த்திக் கேட்டதுதான், கேட்டமட்டில் நன்று.

செல்வத்தைக் காட்டும் வீடுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறொரு வீடு. கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடக்கூடாதென்று தடையிருந்த காலத்தில், ஒரு கத்தோலிக்க வியாபாரி 1663இல் தம் வீட்டுப் பரண்மேல் முழுக் கோயிலொன்றை அமைத்துவிட்டார். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் வீடே. அதிகாரிகள் அறிந்தும் அறியாதவர்போல் இருந்தனர். 1888 முதல் அது பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. பகுத்தறிவாளர் ஸ்பினோசாவோ தம் சொந்தச் சமூகத்தாராலேயே 1656இல், இருபத்து மூன்று வயதில், பிரஷ்டம் செய்யப்பட்டார். இன்று அவர் சிலை நகர மண்டபத்தருகே ஆற்றங்கரையில் நிற்கிறது. விலக்கியவர்களின் சிலையை நான் காணவில்லை.

சிறுமி ஆன் பிராங்க் 1942 முதல் 1944 வரை ஒளிந்து வாழ்ந்த வீட்டை எல்லோரும் அறிவர். அங்கே கூட்டத்திற்குக் குறைவில்லை. அங்கிருந்து கால்நடையாகச் செல்லக்கூடிய தூரத்தில், போர்த்துக்கீசிய யூதர் ஆலயத்தருகே, கூட்டமில்லாத சதுக்கத்தில் ஒரு வெண்கலத் தொழிலாளி நிற்கிறான். 1941 பிப்ரவரியில் ஜெர்மானியர் நானூறுக்கு மேற்பட்ட யூத இளைஞரை அச்சுற்றுப்புறத்திற் பிடித்துச் சென்றனர். அதைப் பொறாமல் 25ஆம் தேதி டிராம் ஓட்டிகளும் கப்பல்துறைத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். கேட்டது கூலி உயர்வன்று, அயல்வீட்டாரின் உயிர். இரண்டே நாளில் துப்பாக்கியால் வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, சிலர் மாண்டனர். 1952இல் நிறுவப்பட்ட அச்சிலைக்குத் தலைப்பாகையுமில்லை, குதிரையுமில்லை, கையில் வாளுமில்லை. பருத்த உடல், சுருட்டிவிட்ட சட்டைக்கை, வெறுங்கை. ஆண்டுதோறும் பிப்ரவரி 25ஆம் தேதி ஊரார் கூடி அதன் காலடியில் மலர் வைத்துச் செல்கின்றனர்.