முதற்பந்தியா, இரண்டாம் பந்தியா?

மண்டூரிற் பிறந்தவர்களுக்கு நேரத்தின் அருமையை முதலிற் கற்பித்தது பள்ளிக்கூட மணியன்று, ஓடத்துறையே. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர். எதிரே எழுவான்கரையிற் குருமண்வெளி. இடையில் ஓடும் ஓடத்தைத் தவறவிட்டவர், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேரவேண்டும்.

என் தந்தையார் கமக்காரர். உரம் வாங்கவும் நெல்லின் விலை பேசவும் அடிக்கடி அக்கரைக்குப் போவார். 1990களில், போர்க்காலத்தில், பொழுதுபட்டபின் வெளியில் நடமாடுவதே அச்சத்துக்குரியதாக இருந்தது. அந்நாட்களில் அம்மா எங்கள் மூவருக்கும் ஆறு மணிக்கே சோறு போட்டு, விளக்கைத் தணித்துவிடுவார். தாம் மட்டும் உண்ணமாட்டார். அப்பாவின் பங்கையும் தமது பங்கையும் மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பார். சில இரவுகளில் அப்பா ஏழு மணிக்கு வருவார். சில இரவுகளிற் பத்து மணிக்கு வருவார். அம்மா எத்தனை மணிக்கு உண்டார் என்பதை நாங்கள் ஒருநாளேனும் கண்டதில்லை. அவர் உண்ணும் வேளையில் நாங்கள் உறங்கிவிடுவோம்.

உல்லாசக் கப்பலில் இரவுணவு நேரத்தைத் தெரிவு செய்வது பற்றி எழுதப் புகுந்தவன் ஓடத்தையும் திண்ணையையும் பற்றிப் பேசுவதேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அந்தத் திண்ணையை நினையாமல் என்னால் அந்தத் தெரிவைச் செய்ய முடியவில்லை என்பதே காரணம்.

என் தம்பி ரொறன்ரோவிலும் தங்கை லண்டனிலும் வாழ்கின்றனர். அப்பா காலமானபின் நாங்கள் மூவரும் அம்மாவோடு ஒருங்கே இருந்ததில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், சிங்கப்பூரில் எல்லோரும் கூடி, பினாங்குக்கும் புக்கெற்றுக்கும் சென்று திரும்பும் கப்பலொன்றில் நான்கு இரவுகள் பயணஞ் செய்வோம் என்று தம்பி திட்டமிட்டான். உல்லாசக் கப்பல் இப்போது நம்மவர்க்குப் புதுமையன்று. 2023 ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்னும் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்ததை நம்மில் அநேகர் கண்டும் கேட்டும் இருக்கிறோம். ஆயினும், எங்கள் குடும்பத்தில் எவரும் அத்தகைய கப்பலில் அதற்கு முன் ஏறியதில்லை.

பயணத்தைப் பதிவுசெய்யும் படிவத்தில் ஒரு வினா இருந்தது. இரவுணவுக்கு முதற்பந்தியா, இரண்டாம் பந்தியா, அல்லது விரும்பிய வேளையா? பந்தி என்பது நான் இட்ட பெயர்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கோயில் அன்னதானத்திற்போல, மண்டபம் எல்லோரையும் ஒருங்கே கொள்ளாதபோது பந்தி பிரிக்கவேண்டியதாகிறது. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் கப்பல்களிலும் இவ்வழக்கம் எழுந்தது அதனாலேயே. முதற்பந்தி மாலை ஐந்தரை மணியளவிலும், இரண்டாம் பந்தி எட்டு மணியளவிலும் தொடங்கும். நாள்தோறும் அதே வேளை, அதே மேசை, அதே பரிசாரகர். 2000ஆம் ஆண்டளவில் நோர்வீஜியன் குரூஸ் லைன் என்னும் நிறுவனம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணும் முறையைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. றோயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்கள் பழைய முறையையும் வைத்துக்கொண்டு, புதிய முறையையும் பின்னர்ச் சேர்த்துக்கொண்டன. ஆகவே இன்று தெரிவு பயணியின் கையில் இருக்கிறது. தெரிவு கைக்கு வந்ததும் வாதமும் வீட்டுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு இரவாக இருந்தபோது தம்பிக்குக் காலை, தங்கைக்குப் பிற்பகல். மூன்று கடிகாரங்களோடு, தொலைபேசித் திரையில் எங்கள் ஆலோசனைச் சபை கூடியது.

“விடுமுறையிலயும் மணியடிக்கவா அண்ணன்? பிள்ளைகள் தண்ணிக்குள்ள விளையாடுவாங்க. கரையில இறங்கினால் சுணங்கும். விரும்பின நேரத்தைப் போடுவம்” என்றான் தம்பி. நான் கல்லூரி ஆசிரியன் என்பதை அவன் ஒருபோதும் மறப்பதில்லை.

தங்கையின் மகளுக்கு நான்கு வயது. எட்டு மணிக்கு அவள் மேசையிலேயே உறங்கிவிடுவாள். ஆதலால் முதற்பந்தியே வேண்டுமென்றாள் தங்கை.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனக்கோ வேறொரு கவலை. அம்மாவுக்கு நீரிழிவு. காலையும் மாலையும் உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னர் இன்சுலின் ஊசி போடுகிறார். ஊசி போட்டபின் உணவு தாமதித்தால் இரத்தத்திற் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், சில வேளை மயக்கமும் வரும். விரும்பிய வேளை முறையில், ஏழு மணியளவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் வாயிலில் வரிசையில் நிற்க நேரலாம். முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு பேர் ஒன்றாக இருக்க வேண்டுமாயின் அதுவும் எளிதன்று.

இன்னுமொன்று. சிங்கப்பூரின் கடிகாரம் எங்களுடையதிலும் இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே மாலை ஐந்தரை என்றால் மண்டூரிற் பிற்பகல் மூன்று மணி. மதியச் சோறு உண்ட கை உலருமுன்னரே அம்மாவை இரவுணவுக்கு அழைப்பது எவ்வாறு? இரண்டாம் பந்தியின் எட்டு மணியோ எங்கள் ஊரில் மாலை ஐந்தரை. வைத்தியரிடம் கேட்டேன். ஊசியின் நேரத்தைப் புதிய இடத்தின் உணவு நேரத்துக்கேற்ப மாற்றும் முறையைச் சொல்லித் தந்தார். எந்த நேரமானாலும் ஊசியும் உணவும் ஒன்றைவிட்டொன்று பிரியாதிருத்தலே முக்கியம் என்றார்.

இறுதியில் அம்மாவையே கேட்டோம். திரையில் மூன்று பிள்ளைகளின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நீங்க எல்லாரும் எப்ப சாப்பிடுறீங்களோ, அதுதான் மனே என்ட நேரம்.”

தம்பி பேசவில்லை. தங்கையும் பேசவில்லை. எங்கள் மூவருக்கும் அந்தத் திண்ணை நினைவுக்கு வந்திருக்கவேண்டும். விரும்பிய வேளை என்று வைத்தால், கடைசியாக வருபவர் வரும்வரை அம்மா காத்திருப்பார். அவருக்கு விருப்பமான வேளை என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. இரண்டாம் பந்தியென்று முடிவாயிற்று. சிறுமிக்கு மாலையிற் சிற்றுணவு கொடுத்து, ஒரு தூக்கமும் தூங்கச் செய்வதாகத் தங்கை உடன்பட்டாள்.

இவ்விடத்தில், இவ்வாறு பயணஞ் செய்ய நினைக்கும் குடும்பங்களுக்கு இரண்டொரு குறிப்புகள் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு நாடுகளிலிருந்து தனித்தனியே பதிவு செய்பவர்கள், தங்கள் பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்குமாறு முன்னரே கேட்கவேண்டும். இல்லையேல் மேசைகள் பிரிந்துபோகும். மரக்கறி உணவு வேண்டுமென்பதையும், நோயாளரின் உணவுக் கட்டுப்பாட்டையும் பதிவின்போதே அறிவிக்கவேண்டும். கலைநிகழ்ச்சிகள் பெரும்பாலும் பந்திகளுக்கு ஏற்ப இரண்டு வேளைகளில் நடப்பதால், முதற்பந்தியார் உண்டபின்னரும் இரண்டாம் பந்தியார் உண்பதற்கு முன்னரும் பார்க்கலாம். புக்கெற்றின் கடிகாரம் சிங்கப்பூரினதிலும் ஒரு மணி பிந்தியதாகையால், எந்த நேரத்தைக் கப்பல் பின்பற்றுகிறது என்பதை அறிந்துகொண்டே கரையில் இறங்கவேண்டும். பசி பொறாத பிள்ளைகளுக்கு, தாமே எடுத்துண்ணும் உணவுச்சாலை ஒன்றும் கப்பலில் உண்டு.

முதல் இரவு எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேரும் அருகருகே அமைந்த இரண்டு மேசைகளில் அமர்ந்தோம். அம்மா அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். உணவு வந்தது. அம்மாவின் கை தட்டிற்குப் போகவில்லை. பேரப்பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்தார். மருமக்களின் தட்டுகளைப் பார்த்தார். எழுந்து பரிமாறவும் முற்பட்டார். எங்கள் பரிசாரகர் இந்தோனேசிய நாட்டவர். அவர் சிரித்துக்கொண்டே வந்து, நாற்காலியை மெல்ல முன்னே தள்ளி அம்மாவை இருத்தினார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “நீ சாப்பிட்டியா மனே?” என்று கேட்டார். என் மகள் மொழிபெயர்த்தாள். எல்லோரும் உண்டு எழுந்தபின்னரே தாங்கள் உண்பது என்றார் அவர்.

அம்மா சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர் உண்ணத் தொடங்கினார். மறுநாள் இரவு அவரே முதலில் உண்டு முடித்ததைக் கண்டு வியந்தேன். காரணம் கேட்டபோது, “நாம எழும்பினால்தானே அந்தப் பிள்ளை சாப்பிடும்” என்றார். நாங்கள் எங்கள் அம்மாவுக்காகவே நேரம் குறித்தோம். அதே நேரத்தை நம்பி இன்னொரு தாயின் மகன் பசியோடு நிற்பதை அம்மாதான் கண்டார். பல ஆண்டுகள் கடைசியில் உண்டவருக்கே அது கண்ணிற் படும் போலும்.

மூன்றாம் நாள் புக்கெற்று. கரையிலிருந்து திரும்பிய தம்பியின் பிள்ளைகள் நீச்சற்றடாகத்துக்கு ஓடிவிட்டனர். எட்டு மணிக்கு மேசையில் நான்கு நாற்காலிகள் வெறுமையாயிருந்தன. நான் அஞ்சியது அதுவே. அம்மா ஏழரைக்கு ஊசி போட்டிருந்தார். வாயிலைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் சொன்னேன், மனைவி சொன்னாள், அவர் அசையவில்லை. அப்போது அந்தப் பரிசாரகர், ஒருவரும் கேளாமலே, அம்மாவின் சோற்றையும் பருப்பையும் முதலிற் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். இரண்டு நாட்பழக்கத்தில், இவருக்கு உணவு தாமதிக்கக்கூடாதென்பதை அவர் அறிந்திருந்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். தாம் உண்ணாவிடின் அவரும் நகரமாட்டார் என்பதை அம்மா கண்டுகொண்டார்.

“அவங்க வரக்குள்ள வரட்டும்” என்று சொல்லி, முதற்கவளத்தை எடுத்தார்.

வரவேண்டியவர் வருமுன் என் தாயார் உண்டதை நாற்பது வயதுக்குமேல் அன்றுதான் முதன்முதற் கண்டேன். தம்பி எட்டரை மணிக்கு, ஈரத்தலையோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் முகத்தில் நாணம். அம்மா கடிந்துகொள்ளவில்லை. “இரு மனே, சோறு ஆறுது” என்றார். கடைசி இரவு தம்பியின் குடும்பந்தான் பத்து நிமிடம் முன்னதாக வந்து எங்களுக்காகக் காத்திருந்தது.

குறித்த நேரமே நல்லது, விரும்பிய நேரம் தீது என்று நான் சொல்ல வரவில்லை. புதுமணத் தம்பதியர்க்கும், நண்பர் குழாத்துக்கும், கரையிறங்கி ஊர் பார்ப்பதையே முதன்மையாகக் கொண்டவர்க்கும் விரும்பிய வேளையே வசதி. நான் கண்டது இவ்வளவுதான்: எந்தக் குடும்பத்திலும் தமக்கென ஒரு நேரம் இல்லாதவர் ஒருவர் இருப்பார். எல்லோர்க்கும் சுதந்திரம் கொடுக்கும்போது, காத்திருக்கும் வேலை அவர்மேலேயே விழுகிறது. படிவத்திற் குறியிடுமுன் அவர் யாரென்று எண்ணிப்பார்த்தாற் போதும். தெரிவு தானாகவே வந்துவிடும். அதற்குக் கப்பலேற வேண்டியதும் இல்லை.

ஊர் திரும்பியபின், எங்கள் வீட்டில் இரவுணவு ஏழரை மணி என்று வைத்தோம். முதல் வாரம் அம்மா எங்களோடு அமர்ந்தார். இரண்டாம் வாரம், “நீங்க சாப்பிடுங்க, நான் பிறகு சாப்பிடுறன்” என்று பழைய வழக்கத்துக்குத் திரும்பப் பார்த்தார். என் மகள் தன் தட்டைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு, அந்த இந்தோனேசியப் பரிசாரகரைப்போலவே அவர் அருகில் நின்றாள். “என்ன கா இது?” என்றார் அம்மா. அவள் விடை கூறவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே வந்து அமர்ந்தார். சோறு இன்னும் சூடாகவே இருந்தது.