நடந்த நடை கணக்கில் ஏறவில்லை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு பயம் உண்டு. உழைத்த உழைப்பு செக்ரோலில் ஏறாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அது. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகு, என் 68ஆம் வயதில், கிள்ளானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் அந்தப் பயம் என்னைத் தேடி வந்தது. கையில் கட்டும் ஒரு சிறிய பட்டையால் வந்த வினை அது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். ஒரு சமயம் அவரை ஒரு தண்டலிடமிருந்து இன்னொரு தண்டலிடம் மாற்றினார்கள். பழைய பட்டியலில் பெயரை அடித்தவர்கள் புதிய பட்டியலில் எழுத மறந்துவிட்டார்கள். மூன்று நாள் பால் கணக்கில் இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம். லயத்துச் சுவரில் கரிக்கட்டையால் நாளுக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எத்தனை ராத்தல் என்று எழுதி வைப்பார். ஆபீசு வாசலில் நின்று நாளையும் எடையையும் ஒப்பித்தார். கூலி வந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு இனிப்பு நீர் உண்டு. 2023ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். மருந்தோடு நடையும் வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஜொகூர் பாருவில் இருக்கும் என் மகள் அடி எண்ணும் கைப்பட்டை ஒன்று வாங்கித் தந்தாள். நான் நடக்கும் கணக்கு என் கைப்பேசிக்குப் போகும். அங்கிருந்து அவள் கைப்பேசியிலும் தெரியும். இரவானால் "இன்னைக்கு ஆறாயிரம், பரவாயில்லம்மா" என்பாள். தனியாக இருக்கும் எனக்கு அந்த ஒரு வார்த்தையே துணை.

ஐந்து வருடத்தில் பட்டையின் பேட்டரி தளர்ந்துவிட்டது. காலையில் சார்ஜ் போட்டால் மதியம் தாங்காது. மகள் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினாள். கட்டிக்கொண்டு நடந்தேன். பட்டையில் எண் ஏறியது. ஆனால் மகளின் கைப்பேசியில் தினமும் சைபர்.

"அம்மா, இன்னைக்கும் சைபர்தான் காட்டுது. நடக்கலியா? நடந்தேன்னு சும்மா சொல்லாதீங்கம்மா."

வாசகர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், காண்டா வாளி சுமந்த உடம்பு இது. நடக்காமல் நடந்தேன் என்று சொல்லுமா? ரோஷத்தில் இரண்டு நாள் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. யார் மேலோ உள்ள கோபத்தில் என் உடம்பைத் தண்டித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பாவின் கரிக்கோடு நினைவுக்கு வந்தது. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்தேன். அன்று முதல் படுக்கப் போகுமுன் பட்டையில் தெரியும் எண்ணை அந்தத் தேதியின் கட்டத்தில் எழுதினேன். நடையையும் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தம்பி மகனிடம் போனேன். காலண்டரையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அத்தை, கணக்கு மூணு இடம் தாண்டிப் போகணும். எங்க நிக்குதுன்னு மொதல்ல பார்ப்போம்" என்றான்.

அவன் விளக்கியதை நம் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். பட்டை, நாம் சுமக்கும் வாளி. கை அசைவை வைத்து அது தானே அடிகளை எண்ணிச் சில நாள் கணக்கைத் தன்னுள் வைத்திருக்கும். கைப்பேசி, பால் நிறுக்கும் கொட்டகை. புளூடூத் என்னும் கம்பியில்லா இணைப்பு வழியாக, பக்கத்தில் இருந்தால்தான் வாளிப் பால் அங்கே போய்ச் சேரும். இணையத்தில் நம் பெயரில் உள்ள கணக்குதான் செக்ரோல். மகள் பார்ப்பது அந்தச் செக்ரோலை. அங்கே சைபர் என்றால் பால் இல்லை என்று அர்த்தமல்ல. வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொன்றாகப் பார்த்தான். பட்டையில் சார்ஜ் இருந்தது. கைப்பேசியில் புளூடூத் திறந்திருந்தது. பல கைப்பேசிகளில் இருப்பிட அனுமதியும் கொடுத்தால்தான் பட்டையைத் தேட முடியுமாம். அதையும் திறந்தான். செயலியைப் புதுப்பித்தான். அங்கே இன்னும் பழைய பட்டையின் பெயர்தான் இருந்தது. அதை நீக்கிவிட்டுப் புதியதைத் தேடினால், இது வேறொருவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று வந்தது.

"இத வேற யாராச்சும் கட்டிப் பார்த்தாங்களா அத்தை?"

மகளைக் கூப்பிட்டோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நான்தாம்மா. நல்லா வேலை செய்யுதான்னு ரெண்டு நாள் கட்டிப் பார்த்துட்டு அனுப்பினேன்" என்றாள். இப்படிப்பட்ட பல பட்டைகள் ஒரு நேரத்தில் ஒருவர் கணக்கில்தான் இருக்கும். கிள்ளானில் நான் நடந்துகொண்டிருக்க, பட்டை ஜொகூர் செக்ரோலிலேயே இருந்திருக்கிறது!

அவள் தன் கைப்பேசியிலிருந்து பட்டையை நீக்கினாள். "இனி இத அழிச்சுப் புதுசா ஆரம்பிக்கணும் அத்தை. உள்ள இருக்கற கணக்கு போயிடும்" என்றான் தம்பி மகன். நான் காலண்டரை எடுத்து மேசைமேல் விரித்தேன். "அழிடா. என் கணக்கு இங்க இருக்கு."

பட்டை என் பெயருக்கு வந்தது. சோதிக்க ஒரு வழி செய்தேன். பத்துமலைப் படி 272 என்பது நமக்கெல்லாம் தெரியும். துன் சம்பந்தன் சாலை ஓரமாக, அந்த 272ஐ வாய்விட்டு எண்ணி நடந்தேன். பட்டை 268 காட்டியது. அதுவே போதும். கை அசையாமல் வண்டி தள்ளினாலோ, கைப்பிடியைப் பிடித்துப் படியேறினாலோ எண்ணிக்கை குறையலாம் என்றும் அவன் சொன்னான்.

உங்கள் வீட்டிலும் பட்டை மாற்றும் நாள் வரும். அப்போது இவற்றை மறக்காதீர்கள். பழைய பட்டையின் கணக்கைக் கடைசியாக ஒருமுறை கைப்பேசியில் ஏற்றுங்கள். பிறகு பழைய பட்டையை மட்டும் நீக்குங்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்கையே அழித்துவிட்டால் பழைய பதிவெல்லாம் போய்விடும். வேறொருவர் கட்டிப் பார்த்திருந்தால் முதலில் அவர் கைப்பேசியிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே புதியதைச் சேருங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்றும் கலங்காதீர்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. அந்த எண் அங்கிருந்துதான் பரவியது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசையட்டும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. திரையில் சைபர் தெரிந்தால் "நடக்கலியா?" என்று கேட்காதீர்கள். "என்னம்மா, பட்டை சரியா இருக்கா?" என்று கேளுங்கள். என் மகள் இப்போது அப்படித்தான் கேட்கிறாள். நானும் காலண்டரில் எழுதுவதை விடவில்லை.