அரை மாத்திரை மௌனம்

போனக்காடு என்று வாய்விட்டுச் சொன்னால், நடுவே ஒரு கணம் மூச்சு நிற்கும். அந்த 'க்' உண்மையில் ஓசையே அல்ல. அடிநாக்கு அண்ணத்தை அடைத்துக்கொள்வதால் உண்டாகும் மௌனம். அடுத்து 'கா' வெடித்து வருவதால்தான் அந்த மௌனம் காதுக்கு எழுத்தாகிறது. இலக்கணம் அதற்கு அரை மாத்திரை கொடுத்திருக்கிறது. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். அதை இயற்றியவர் அகத்தியரின் மாணவர் என்பது மரபு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியர்கூடம் மலைக்கு நடை தொடங்குவது இதே போனக்காட்டிலிருந்துதான்.

பக்கத்து ஓசை கேட்க வைக்கும், மறைக்கவும் செய்யும். பலத்த சத்தம் ஓய்ந்த பிறகும் சுமார் 200 மில்லி விநாடி வரை மெல்லிய ஓசை காதில் ஏறாமல் போகலாம். இதைவிட விந்தை, பிந்தி வரும் பலத்த சத்தம், சில மில்லி விநாடிகள் முந்தி வந்த மெல்லிய ஓசையையும் விழுங்கிவிடுவது. எம்.பி.3 முறையில் பாட்டைச் சுருக்கும்போது, இப்படி மறைந்து போகும் ஓசைகளையும் கழித்துக்கட்டுகிறார்கள்.

எதிரொலிக்கும் ஒரு கணக்கு உண்டு. சுவரில் பட்ட பேச்சு சுமார் 30 மில்லி விநாடிக்குள் திரும்பினால் முதல் குரலோடு ஒன்றிவிடும். நன்றாகப் பிந்தினால், வேறு யாரோ பதில் கொடுப்பது போலத் தனியே ஒலிக்கும்.

போனக்காட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று பாழடைந்து கிடக்கிறது. இரவில் அங்கே அலறல் கேட்கும் என்பது ஊரறிந்த கதை. அதைக் கேட்டுவிட ஆசைப்பட்டு எத்தனையோ பேர் செல்போனும் கையுமாக வந்து, தாங்களே கத்திப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அதே மலையில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களும் இருக்கின்றன. தொழிற்சாலை இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலுவைச் சம்பளம், ஒழுகும் கூரை என்று அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதை அவர்கள் அலறிச் சொல்லவில்லை; பேச்சுக் குரலில்தான் சொன்னார்கள். பேய்க்கதைக்கு முன்னே சொன்னதும் காதில் விழவில்லை, பின்னே சொன்னதும் விழவில்லை.

காது 200 மில்லி விநாடியில் தெளிந்துவிடும். கேட்க வந்தவர்களுக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் தெளிவதில்லை.