பேயின் நகம்

நான் முதலில் ஏறிய மஸ்டா வண்டியில் இருபதுக்கு மேற்பட்ட சொந்தக்காரர்களும் இரண்டு மூட்டைத் தேங்காயும் இருந்தன. அத்தை கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போன வேன். ஸ்வராஜ் மஸ்டா என்று முன்னால் எழுதியிருக்கும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது 'மஸ்தா வேன்'. பஞ்சாபில் தயாரான டீசல் வண்டி. ஒரு மேட்டில் அது முனகிக்கொண்டு ஏறியபோது, "எறங்கித் தள்ளோணுமா சாமி?" என்று பாட்டி டிரைவரிடம் அக்கறையாகக் கேட்டார்.

அதே பெயரை அடுத்து நான் கவனித்தது கல்லூரிக் காலத்தில், பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில். 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' ஆடிக்கொண்டிருந்தோம். திரையில் ஆர்எக்ஸ்-7 சுழன்று நின்றது. தரையோடு ஒட்டிய, ஒரு கோணமும் இல்லாமல் வழித்தெடுத்த மாதிரியான கார்.

"இது நம்ம மஸ்தா வேன் கம்பெனியாடா?"

பக்கத்தில் இருந்த என் ரூம்மேட் மெக்கானிக்கல். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். மணிக்கு இருபது ரூபாய் போய்க்கொண்டிருந்தது.

அவன் சொன்ன விதம் இன்றும் மறக்கவில்லை. "மத்த இன்ஜின் எல்லாம் உரல் உலக்கை. மேல போய்க் கீழ வரும். இது ஆட்டுக்கல்லு. குழவி சுத்திக்கிட்டே இருக்கும்." இடுப்பு சிறுத்த முட்டை வடிவ அறை ஒன்று. அதற்குள் பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம். முக்கோணம் சுழலும்போது அதன் மூன்று பக்கத்திலும் மூன்று அறைகள் விரிந்து சுருங்கும். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும்போது இன்னொன்றில் வெடிப்பு, மூன்றாவதில் புகை வெளியேற்றம். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. கிரைண்டருக்குப் பேர்போன ஊரில் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

ரோட்டரி இன்ஜின் மஸ்டாவின் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. என்எஸ்யூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு 1961இல் வாங்கிக்கொண்டு போனார்கள் ஹிரோஷிமாக்காரர்கள். கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, அதை அதிக நேரம் ஓட்டவே முடியாது என்று. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் காற்று கசியாமல் அடைக்க ஒவ்வொரு மெல்லிய பட்டை உண்டு. அந்தப் பட்டை அதிர்ந்து அதிர்ந்து, அறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறிவிடும். ஜப்பானியப் பொறியாளர்கள் அதற்குப் பேயின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். 1963இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட துறை ஒன்று அந்தப் பேயோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தது. கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த பட்டையில் பேய் இறங்கியது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு அங்கே அதுதான் முதல் வெற்றி. அந்தக் காரின் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். நான் எழுதப்போனால் கெட்டுவிடும்.

ஆனால் ரோட்டரி பெட்ரோலைக் குடிக்கும். எரியும் அறை தட்டையாக நீண்டு கிடப்பதால் சூடு சுவர்வழியே போய்விடும், கொஞ்சம் எரியாமலே வெளியேறும். முனைப்பட்டைகளுக்கு வழவழப்பு வேண்டுமென்று ஆயிலையும் சேர்த்து எரிக்கும். புகை விதிகள் இறுகியபோது அதற்கு மூச்சு முட்டியது. 2002இல் ஆர்எக்ஸ்-7 நின்றது. 2012இல் ஆர்எக்ஸ்-8.

அன்றிலிருந்து என் நண்பன் காத்திருக்கிறான்.

இந்தியாவில் மஸ்டா கார் விற்பதில்லை. விற்றாலும் கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்கிற அவனுக்கு அது கட்டுப்படியாகாது. ரோட்டரி இன்ஜின் ஓடுவதை நாங்கள் இருவருமே நேரில் கண்டதில்லை. ஆனாலும் 2015 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் ஆர்எக்ஸ்-விஷன் என்று ஒரு மாதிரிக் காரை நிறுத்தியபோது அவன் இரவு பதினொன்றரைக்கு எனக்கு போன் செய்தான். "மச்சி, வருதுடா!"

வரவில்லை. 2023 ஜனவரியில் வந்தது எம்எக்ஸ்-30 என்கிற எலெக்ட்ரிக் வண்டிக்குள் ஒற்றை ரோட்டர், 830 சிசி. சக்கரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. மின்சாரம் தயாரிப்பது மட்டுமே வேலை.

"ஜெனரேட்டர்டா அது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி நிக்குமே, அது."

"இருக்கட்டுமே, சுத்துதில்ல?"

அதே ஆண்டு அக்டோபரில் ஐகானிக் எஸ்பி என்று சிவப்பாக ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். 370 குதிரைத்திறன், 1450 கிலோ. பார்ப்பதற்கு ஆர்எக்ஸ்-7இன் பேத்தி. அதிலும் ரோட்டரியின் வேலை மின்சாரம் தயாரிப்பதுதான். அவன் அனுப்பிய படத்துக்கு, "காட்சிக்கு வெச்ச பொம்மைடா, விட்டுத்தொலை" என்று பதில் போட்டேன். ஒரு வாரம் அவன் பேசவில்லை.

நான் அப்படி எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. அவனிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் மருந்துக்கடைகளுக்கான ஒரு மென்பொருள் செய்தோம். இணையம் இல்லாமலும் ஓடும். பிறகு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றி, பழையதை நிறுத்தினார்கள். புகார்களுக்கான பதிலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'தங்கள் கோரிக்கை எங்கள் எதிர்காலத் திட்டத்தில் பரிசீலனையில் உள்ளது.' அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். திட்டம் என்று எதுவும் அப்போது இல்லை. நெட் சரியாக வராத ஊரிலிருந்து ஒரு கடைக்காரர் மாதாமாதம் எழுதுவார். "ஐயா, பழைய வெர்ஷன் எப்போது திரும்ப வரும்?" மாதாமாதம் அதே வாக்கியம் அவருக்குப் போகும்.

இரண்டு வருடம் கழித்து நிர்வாகத்துக்கே திடீரென ஆசை வந்தது. பழையதைக் கொண்டுவா என்று என்னிடமே கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன். தகவலை ஒத்திசைக்கும் பகுதியை எழுதிய பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். நடுவே ஒரு இடத்தில் 'இதைத் தொடாதே' என்று குறிப்பு. எழுதியது நான்தான். ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று மாதம் தட்டுத்தடுமாறினேன். ஒரு கடையின் ஸ்டாக் சரியாக வந்தால் இன்னொரு கடையில் பாராசிட்டமால் மைனஸில் போனது. கைவிட்டோம். கடைக்காரர் மறுபடி எழுதினார். மறுபடியும் அதே வாக்கியத்தை அனுப்பினேன்.

ஆகவே, ஒரு கார் கம்பெனி 'கனவு காண்கிறோம்' என்று அறிக்கை விடும்போது, அதை யாரோ ஒருவன் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2024 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் மஸ்டாவின் தலைவர் மசாஹிரோ மோரோ மேடையேறி, கலைக்கப்பட்டிருந்த ரோட்டரி இன்ஜின் குழுவைப் பிப்ரவரியில் மறுபடி அமைப்பதாகச் சொன்னார். கார் வரும் என்று சொல்லவில்லை. ஆட்கள் உட்காருவார்கள் என்று சொன்னார். இந்த முறை நண்பன் ராத்திரி போன் செய்யவில்லை. செய்தியை மட்டும் அனுப்பியிருந்தான். நான்தான் கூப்பிட்டேன். மருந்துக்கடைக் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பின்னால் லேத் ஓடும் சத்தம்.

"நான் என்ன காரா வாங்கப்போறேன்? அதைச் செய்யத் தெரிஞ்சவன் ரிட்டயர் ஆயிட்டு இருக்கான்டா அங்க. அவன் போறதுக்குள்ள பக்கத்துல ஒரு பையனை உக்கார வெச்சாங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு பட்டறையில் ஒரு வேலையை எடுப்பதே இல்லை என்று முன்பொரு முறை சொல்லியிருக்கிறான். என்ன வேலை என்று நான் அப்போது கேட்கவில்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பட்டறைக்குப் போனேன். பெஞ்சின் மூலையில் பழைய துணி போட்டு மூடிய ஒன்று இருந்தது. எடுத்துக் காட்டினான். அலுமினியத்தில் கடைந்த முட்டை வடிவ அறை, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முக்கோணம். மூன்று முனைகளிலும் பட்டை செருகியிருந்தான். பெட்ரோல் எல்லாம் இல்லை. டிரில்லிங் மிஷினை மாட்டிச் சுற்றுவது.

"எத்தனை நிமிசம் ஓடுது?"

"நாலு. அப்புறம் கத்துது."

முக்கோணத்தை வெளியே எடுத்துவிட்டு விரலை உள்ளே விடச் சொன்னான். உட்சுவரில் சின்னச் சின்னதாக, ஒரே இடைவெளியில், வரிவரியாக விரலில் தட்டுப்பட்டது.

"ஏழாவது பட்டை இது," என்றான். "அப்பா, பித்தளையில ஒண்ணு போட்டுப் பாருங்கறாரு."