குற்றாலத்தில் கூதிர்காலம்

விஸ்வநத்தத்தில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பக்கத்துச் சிவகாசியில் அச்சானது. காஷ்மீரத்து ஏரி, கரையில் செக்கச் சிவந்த சினார் மரங்கள். மருந்துக்கும் மனிதர் இல்லை.

"நம்ம பக்கத்திலே இப்படி ஓர் இலையுதிர்காலம் உண்டா, அண்ணாச்சி?" என்றார் நண்பர்.

நமக்கு ரோசம் வந்துவிட்டது. நம் காடுகள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வெயிலில். ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோருக்குக் கூதிர்காலம். வாடையும் மழையும் சேர்ந்து மலையைப் பச்சையாக்கும் பருவம். அதைப் படம் பிடித்துக் காட்டுகிறோம் என்று சபதம் செய்து, தீபாவளி கழிந்ததும் காமிராவும் கையுமாய்க் குற்றாலத்துக்குக் கிளம்பினோம்.

ராஜபாளையம் தாண்டியது முதல் மேற்கு மலைத்தொடர் வலப்புறமாகக் கூடவே வந்தது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி; பிறகு சாரல். ஐந்து சபைகளுள் சித்திர சபை குற்றாலத்தில் இருக்கிறது. கூத்தப்பெருமானே ஓவியமாய் நிற்கும் ஊரில் நம் படமும் சோடை போகாது என்று கர்வமாக நினைத்துக்கொண்டோம்.

பேரருவியின் முன் நின்று காமிராவில் கண் வைத்தால், தெரிந்தவை எல்லாம் தலைகள்! எண்ணெய்த் தலை, மொட்டைத் தலை, மாலையணிந்த ஐயப்ப பக்தர்களின் தலை. பெண்கள் நீராடும் பக்கம் காமிராவைத் திருப்புவது மரியாதை அன்று. ஆகவே மேலே பொங்குமாங்கடலைக் குறி வைத்தோம். உச்சியிலிருந்து விழும் நீர் அந்தப் பாறைக் குழியில் மோதி, வேகம் தணிந்து, பிறகே கீழே வருகிறது. ஆனால் சாரல் லென்ஸை மறைத்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து வேஷ்டித் தலைப்பில் உலர்ந்த இடமே இல்லாமல் போயிற்று.

அப்போது அருகே வந்த பெரியவர் ஒருவர், விஸ்வநத்தத்திலிருந்து வேனில் வந்த பட்டாசுத் தொழிலாளி. ஆலைக்கு விடுமுறையாம். மருந்தும் வெடியும் வெயிலில் காய்ந்தாக வேண்டும். வானம் இருண்டால் வேலை நிற்கும். ஆண்டெல்லாம் மழை வேண்டாம் என்று அண்ணாந்து பார்ப்பவர்கள், குடும்பத்தோடு அருவிக்கடியில் நின்று கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆளில்லாத படம் வேணும்னா பொறுங்க, அண்ணாச்சி. வெள்ளம் வந்தா போலீஸ்காரரு எல்லாரையும் விரட்டிருவாரு. அதுவரைக்கும் என்னை ஒண்ணு எடுங்க" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போய் நின்றார். எடுத்தோம்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை, நீர் செம்மண் நிறமாயிற்று. விசில் ஊதினார்கள். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்துத் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைப் பலிகொண்டதை யார் மறப்பார்கள்? ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். அருவிக்கரை வெறிச்சென்று ஆனது. நாம் ஆசைப்பட்ட படம் கிடைத்தது.

ஊர் திரும்பி இரண்டு படங்களையும் நண்பர் முன் வைத்தோம். ஆளில்லாத படத்தில் அவ்வளவு பெரிய அருவியும் பாறைச் சுவரில் வழியும் ஓடைபோலத் தோன்றியது. உயரத்தைச் சொல்ல அருகில் ஒன்றுமே இல்லை. மற்றதில் பெரியவர் முதுகைக் காட்டி நிற்கிறார். தோளில் நீர் சிதறுகிறது, தலைக்கு மேல் மலையளவு வெண்மை.

நண்பர் அதையே எடுத்துக்கொண்டார்.

"முகம் தெரியலேன்னா என்ன? இது எங்க மேலத்தெருக்காரரு முதுகுதான்" என்று சொல்லி, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கத் தொடங்கினார்.