கால்வழிக் கல்வி

ஊரை அறிய விரும்புவோர் ஊர்தியைவிட்டு இறங்குதல் வேண்டும். ஊர்தியிற் செல்வோர்க்குப் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரியும். இடைப்பட்ட ஊர் தெரியாது. நடப்பவர்க்கோ வழியெல்லாம் ஊரே. சென்னை மாநகரில் இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் பகுதிகளுள் மேற்கு மாம்பலமும் ஒன்று.

மாம்பலம் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே தியாகராய நகரும், மேற்கே மேற்கு மாம்பலமும் அமைந்துள்ளன. கிழக்கே துணியும் நகையும் வாங்குவோர் திரள்வர். மேற்கே அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய சிறு பொருள்கள் கடைத்தெருவை நிறைக்கும். காலையில் துணிப்பை ஏந்திப் புறப்படும் முதியவர் ஒருவர், ஆரிய கவுடா சாலையிற் காய்கறி வாங்குவார். வறுத்து அரைக்கும் காப்பிக்கொட்டையின் மணம் அவரை அடுத்த கடைக்கு அழைக்கும். நாட்டு மருந்துக் கடையிற் சுக்கும் திப்பிலியும் வாங்குவார். அயோத்தியா மண்டபத்தின் முன் சற்றே நிற்பார். பின்பு அஞ்சல் நிலையத்தில் கடிதத்தைச் சேர்த்துவிட்டு மீள்வார். "பேத்திக்குக் காய்ச்சல் தணிந்ததா, ஐயா?" என்று கடைக்காரர் கேட்பார். விலையோடு நலமும் பேசப்படும் அங்காடி அது.

இவ்வாறு நடப்பவர் கண்ணில் தெருப்பெயர்ப் பலகைகளும் படும். அவற்றுள் ஒன்று 'லேக் வியூ சாலை' என்பது. ஏரி தோன்றும் சாலை என்பது அதன் பொருள். ஆயினும் அங்கே எத்திசை நோக்கினும் ஏரி இல்லை. வீடுகளே வரிசையாய் நிற்கின்றன. அப்படியாயின் அப்பெயர் பொய்யோ? அன்று. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை ஒரு காலத்தில் நீண்டதோர் ஏரி பரந்து கிடந்தது. 'லாங் டாங்க்' என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். பெருகிவந்த மக்கள் குடியிருக்க இடம் வேண்டி, 1923ஆம் ஆண்டு தொடங்கி ஏரிநிலம் மனைநிலமாக்கப்பட்டது. அங்ஙனம் தோன்றிய புதுநகர், சென்னை நகராட்சித் தலைவராய் விளங்கிய சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்றது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதையின் இருபுறமும் குடியிருப்புகள் பெருகின. ஏரி மறைந்தது, அதன் பெயர் மட்டும் ஒரு சாலையில் எஞ்சி நிற்கிறது.

மக்கள் மறந்ததை மழைநீர் மறப்பதில்லை. நீர் பள்ளத்தையே நாடும். பழைய ஏரிநிலமும் அதன் அயலும் பள்ளமே அல்லவா? 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது மேற்கு மாம்பலத் தெருக்கள் பலவற்றுள் வெள்ளம் புகுந்தது. 2021 நவம்பர் மழையிலும் தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் நீர் தேங்கி நின்றது. வள்ளுவர் கோட்டத்தின் பக்கத்திலிருந்து தியாகராய நகர் வழியே அடையாற்றை நோக்கிச் செல்லும் மாம்பலம் கால்வாய், தூர்ந்து கிடந்தால் நீர் எங்ஙனம் வடியும்? மழைக்கு முன்னரே இதன் காரணத்தை நடப்பவர் காண்பார். வடிகாலின் வாயில் அடைத்துக் கிடக்கும் நெகிழிப்பை அவர் காலில் இடறும். விரைந்து செல்லும் ஊர்தியில் இருப்பவர்க்கு அது தெரியாது.

நடப்போர் நலம் கருதி, மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர். நெரிசலைக் கடக்க அது நல்ல துணை. ஆனால் ஊரைக் கற்கத் தெருவில் இறங்கியே நடத்தல் வேண்டும்.

மாணவர்களே! உப்பு வாங்கிவருமாறு வீட்டிலுள்ள பெரியோர் ஏவினால் முகம் சுளியாது நடந்து செல்லுங்கள். உங்கள் தெருவின் பெயர் எதனால் வந்தது? குளக்கரைத் தெருவிற் குளம் உண்டா? தோப்புத் தெருவில் மரம் உண்டா? மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது? இவற்றை முதியோரிடம் கேட்டு அறியுங்கள். வடிகாலிற் குப்பை கண்டால் உரியோர்க்கு உரையுங்கள். நீங்களும் அதிற் குப்பை இடாதீர்கள். தன் தெருவை அறிந்தவனே அதனைக் காக்க வல்லவன்.