ஆர்.எக்ஸ். 100-க்கு அலாய் வீல் போடலாமா?

ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறவனுக்கு ஊரெல்லாம் ஆலோசகர்கள்தான். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் போதும், நாலு பேர் சுற்றி வந்து நிற்பார்கள். ஒருத்தர் "விக்கிற ஐடியா இருக்கா தம்பி?" என்பார். இன்னொருத்தர் "அலாய் போடு, சைலன்சரை மாத்து, அப்புறம் பாரு" என்பார். மூன்றாமவர் பேசவே மாட்டார். குனிந்து இன்ஜினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரிஜினல்தானா?" என்று மட்டும் கேட்பார். எனக்குப் பயம் அந்த மூன்றாமவரிடம்தான் :-)

என்னிடம் இருப்பது தாத்தாவின் வண்டி. 1993 மாடல், செர்ரி ரெட். எங்கள் ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம். வெட்டு உத்தரவு வாங்கப் படாளம் சர்க்கரை ஆலைக்கும், உரம் வாங்க மதுராந்தகத்துக்கும் போய் வந்த வண்டி. தாத்தா போன பிறகு மாமா அதைச் சாக்கு போர்த்தி மாட்டுக்கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார். போன வருஷம் ஆர்.சி.யை என் பேருக்கு மாற்ற ஏற்பாடு செய்து, சாவியைக் கையில் கொடுத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஓட்டறதா இருந்தா எடுத்துக்கோ மாப்ள. ஆனா வித்துடாத."

எடுத்துப் பார்த்தால் ரெண்டு ரிம்மிலும் துரு. டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சீட்டை எலி கடித்திருந்தது. ஆக, எதையாவது மாற்றியே தீர வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் ஆறு மாசம் ஓடிவிட்டது.

ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் பேப்பரில் பட்டியலே போட்டுக் கொடுத்தான். அலாய் வீல், பின்னால் தடி டயர், எக்ஸ்பான்ஷன் சேம்பர், தட்டை ஹேண்டில்பார், மட்கார்டில் பாதியை வெட்டு, சாரி கார்டைக் கழற்று, இண்டிகேட்டர் வேண்டாம், டேங்க்குக்கு மேட் பிளாக். மொத்தத் தொகை என் ஒரு செமஸ்டர் மெஸ் பில்லைத் தாண்டியது. அது இருக்கட்டும். பட்டியலை ரெண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது: இவ்வளவும் செய்து முடித்தால் மிஞ்சப்போவது பெட்ரோல் டேங்கும் இன்ஜினும் மட்டும். அதற்குத் தாத்தா வண்டி எதற்கு?

பழைய ஜப்பான் வண்டியை வைத்துக்கொண்டு திண்டாடுவது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரு குட்டி கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. ரெண்டே சீட், திறந்த கூரை. ஜப்பானில் அதற்குப் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். (நமக்கு மாஸ்டா என்றால் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி வந்த ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான்!) உலகத்திலேயே அதிகமாக வீல் மாற்றி, பம்பர் மாற்றி, ஸ்பாய்லர் ஒட்டி விளையாடப்பட்ட கார்களில் அது ஒன்று. ஆனால் 2017-ல் மாஸ்டா கம்பெனி என்ன அறிவித்தது தெரியுமா? அந்த முதல் தலைமுறை வண்டிகளைப் பழையபடியே புதுப்பித்துத் தருகிறோம் என்று. அதற்காக அந்தக் காலத்து நார்டி மர ஸ்டியரிங்கையும், பிரிட்ஜ்ஸ்டோன் டயரையும் மறுபடி தயாரிக்க வைத்தார்கள். முப்பது வருஷம் எல்லோரும் மாற்றிக்கொண்டே இருந்ததில், மாற்றாத வண்டிதான் அபூர்வமாகிவிட்டது.

ஆர்.எக்ஸ். 100 கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1985-ல் எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து யமஹா கொண்டு வந்தது. ஆரம்ப வண்டிகளின் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டவை. 98 சிசி டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி, எடை சுமார் 100 கிலோ. அந்த எடைக்கு அந்த சக்தி என்பதுதான் மொத்த ரகசியமும். 1996-ல் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் தயாரிப்பு நின்றுபோனது. அதாவது கடைசி ஆர்.எக்ஸ். 100 கூட எனக்கு அண்ணன் வயசு. இனி ஒன்று கெட்டால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

சரி, வீலுக்கு வருவோம்.

தொழிற்சாலையில் இந்த வண்டிக்குக் கொடுத்தது 18 அங்குல ஸ்போக்ஸ் வீல். ஒல்லி டயர். முன்னால் 2.50, பின்னால் 2.75 அங்குல அகலம். பார்ப்பதற்குச் சைக்கிள் மாதிரி இருக்கும், உண்மைதான். அலாய் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், டியூப்லெஸ் டயர் போடலாம், நடுரோட்டில் ஆணி குத்தினாலும் வீடு வந்து சேரலாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் மெக்கானிக்ஸ் பேப்பரில் படித்ததை வண்டியில் போட்டுப் பாருங்கள். டேங்க் மேல் ஒரு கிலோ வைத்தால் அது வண்டியோடு சேர்ந்து முன்னால் போனால் போதும். ரிம் ஓரத்தில் ஏறும் ஒரு கிலோ முன்னாலும் போக வேண்டும், கூடவே சுற்றவும் வேண்டும். வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய ரெண்டு கிலோவின் வேலையை இன்ஜினிடம் வாங்கும். 150 சிசி வண்டியில் இது தெரியாது. 11 குதிரைசக்தியில் நன்றாகவே தெரியும். வேறு வண்டியின் வார்ப்பு அலாயும் தடி டயரும் போட்டால், எந்தச் சுறுசுறுப்புக்காக இந்த வண்டியைக் கொண்டாடுகிறோமோ அதுதான் முதலில் காணாமல் போகும். அதோடு, சஸ்பென்ஷனுக்குக் கீழே எடை கூடினால் குழியில் விழுகிற ஒவ்வொரு அடியும் முதுகுக்கு வரும். அந்த வீலை இதில் பொருத்த ஹப், பிரேக் பிளேட், ஸ்பேசர் என்று ஒவ்வொன்றாகக் கடைய வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால், டயர் சுற்றளவு மாறினால் முள்ளும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

மதுராந்தகத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "ஏரிக்கரை ரோட்டுல ஸ்போக்ஸ் வளைஞ்சா நான் கோட்டம் எடுத்துக் குடுத்துடுவேன். அலாய்ல விரிசல் விட்டா நீ புதுசு வாங்கணும்."

கடைசியில் பழைய ஹப்பையே வைத்துக்கொண்டு, அதே 18 அங்குலத்தில் புது ரிம், புது ஸ்போக்ஸ், புது டயர். ஸ்போக்ஸ் கோத்துக் கோட்டம் எடுக்க அண்ணனுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரிம் சுற்றும்போது சாக்பீஸை ஓரத்தில் பிடித்து, கோடு விழும் இடத்தை மட்டும் இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குகிறார். லேபில் கூட இவ்வளவு கற்றதில்லை.

அடுத்து சைலன்சர். இங்கேதான் நண்பனுக்கும் எனக்கும் சண்டையே.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் புகைக்குழாயும் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரிதான். எரிந்த புகை வெளியே பாயும்போது அழுத்த அலை ஒன்று கிளம்புகிறது. குழாய் சரியான அளவில் விரிந்து மறுபடி குறுகினால், அந்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனிக்காரர் வால்டர் காடன். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961 செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸ் முடிந்த கையோடு மேற்குப் பக்கம் தப்பி, இந்த ரகசியத்தோடு ஜப்பானின் சுசுகியில் போய்ச் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலக சாம்பியன் பட்டம் சுசுகிக்கு! பனிப்போர் காலத்தில் ராக்கெட் ரகசியம் மட்டும்தான் திருடு போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைலன்சரும் போயிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அத்தனை மதிப்பும் குழாயின் அளவுக்குத்தான். சத்தத்துக்கு அதில் பங்கே இல்லை. நம்ம பசங்க செய்வது என்ன? உள்ளே இருக்கும் பேஃபிளை உருவி எறிந்துவிடுகிறார்கள். அலை கணக்கெல்லாம் குலைந்துபோய், மிஞ்சுவது காதைக் கிழிக்கிற சத்தம். உண்மையாகவே ரேஸுக்குக் கணக்குப் போட்டுச் செய்த சேம்பர் என்றால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் ஓட்டலாம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் எதற்கு?

ஏரிக்கரை என்று சும்மா சொல்லவில்லை. வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 30 ஹெக்டேர் அளவுதான். நவம்பரில் தொடங்கி, நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா எல்லாம் கூடு கட்டும். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் ஒரு கவுல் வாங்கினார்கள்: இங்கே பறவையைத் தொடக் கூடாது என்று. சரணாலயம் என்ற அரசு அறிவிப்பெல்லாம் 1936-ல்தான். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் இது. பிள்ளைகளின் வெடியையே நிறுத்தி வைத்த ஊருக்குள், ஞாயிற்றுக்கிழமை படாளம் கூட்டுரோட்டில் திரும்பி, பேஃபிள் இல்லாத வண்டியை முறுக்கிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது? அடைகாக்கிற பறவை பயந்து எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயா. சைலன்சரைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த கரியை எடுத்துவிட்டு மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்த அன்று திண்ணையில் இருந்தவர் சொன்னார்: "உன் தாத்தா ஏரிக்கரை திரும்பறப்பவே இந்தச் சத்தம் கேட்டுடும். நான் சோத்த எடுத்து வெச்சிடுவேன்." இதற்கு மேல் சேம்பர் போட எனக்கு மனசு வருமா, சொல்லுங்கள்.

சாரி கார்டும் ஆயாவுக்காகத்தான் இருக்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்துதான் அவர் வருவார். மத்திய மோட்டார் வாகன விதி 123-ம் பின் சக்கரத்துக்கு அந்த மறைப்பைக் கேட்கிறது. ஸ்டைலுக்காகக் கழற்றுகிறவர்கள், பின்னால் உட்காரப்போகிறவரின் முந்தானையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி ஒப்புதல் வாங்கிய அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. நண்பன் பட்டியலில் எட்டு ஐட்டம். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆர்.எக்ஸ். 100-ல் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். 1985-ன் ரோட்டுக்கு அது போதும். இன்றைக்கு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம், முன்னால் போகிற கார் டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வைத்துச் சட்டென்று நிற்கும்போது, பின்னால் வரும் நான் எப்படி நிற்பது? முன்னால் டிஸ்க் போடுவது உயிரைக் காக்கிற மாற்றம். ஆனால் காதைக் கிழிக்கிற குழாயையும் டிஸ்க் பிரேக்கையும் சட்டம் ஒரே தராசில்தான் வைக்கிறது. பழைய வண்டிகளுக்கு, சோதித்துச் சான்று பெற்ற பிரேக் கிட் ஒன்றை எளிதாக ஆர்.சி.யில் ஏற்ற வழி இருந்தால், நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். அதுவரை புது பிரேக் ஷூ, புது கேபிள், டிரம்மைக் கடைந்து சுத்தம் செய்தது, அறுபதைத் தாண்டாதது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ஆனது. 2025-ல் இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2,000 ஆனது. காசு ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். இண்டிகேட்டர் இல்லாமல், மட்கார்டு வெட்டி, வேறு வீலோடு நிறுத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப்பிக்காத வண்டி ரோட்டில் ஓட முடியாது. ஓடாத வண்டி எங்கே போய்ச் சேரும் என்று புதுப்பேட்டை பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மாமா "வித்துடாத" என்றதற்கு எனக்குப் புரிந்த அர்த்தம், ஓடுகிற நிலையில் வைத்திரு என்பதுதான்.

அதனால் அழகு பார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம்! டேங்க்கை அதே செர்ரி ரெட்டில் பெயின்ட் அடித்து, பக்கவாட்டுக் கோடுகளும் மோனோகிராமும் புதுசாக ஒட்டியாகிவிட்டது. சீட்டுக்குப் புது கவர். வட்டக் கண்ணாடி ரெண்டு. கிரிப், லீவர் எல்லாம் புதுசு. வெயிலில் புது ரிம் பளபளக்கும்போது நண்பனே ஒரு சுற்று கேட்டு வாங்கி ஓட்டினான். இறங்கி வந்து, "சேம்பர் போட்டா இன்னும் நல்லா இருக்கும்டா" என்றான். அவன் திருந்த மாட்டான்.

அடுத்த மாசம் பதிவு புதுப்பிக்கப் போகிறேன். அதற்குள் முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் மாற்ற வேண்டும், லேசாகக் கசிகிறது. இடது பக்க சைடு பேனலில் ஒரு காதும் உடைந்திருக்கிறது. ஒரிஜினல் பேனல், டூப்ளிகேட் இல்லாமல், புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.